நெற்றிக்குள்ளே ஒரு வெளிச்சம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு மறந்திருக்காது. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். அப்பா மரம் சீவக் கிளம்பிக்கொண்டிருப்பார். நெற்றி விளக்கைத் தலையில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை எரியவிட்டுப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நானும் என் தங்கையும் பாயைவிட்டு எழுந்து ஓடுவோம். விளக்கின் முகத்தை உள்ளங்கையால் பொத்துவோம். இருட்டிக் கிடக்கும் லயத்து வீட்டுக்குள் எங்கள் விரல்கள் மட்டும் செம்பருத்திப் பூவாகச் சிவந்து ஒளிரும்.

"பேட்டரி தீந்துடும், விடுங்க புள்ள" என்று சொல்லி அப்பா விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

விளக்கின் வெளிச்சமோ மஞ்சள். எங்கள் கையோ நல்ல கறுப்பு. அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? ஒருநாள் பள்ளியில் எழுந்து கேட்டேன். "ரத்தம் சிவப்பு, அதனாலே சிவப்பாத் தெரியுது. உட்காரு" என்றார் எங்கள் ஆசிரியர். அவர் சொன்னது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த மீதிப் பாதிக்குள்ளே என் தாயாரின் உயிர் இருந்தது. ஓர் ஆசிரியையாக நான் செய்த பிழையும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

நிறைவாளியும் வெறுவாளியும்

முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிடுவோம். விளக்கின் வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. நீலத்தையும் பச்சையையும் நம் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பை அந்த அளவுக்கு விழுங்குவதில்லை. ஆகவே சிவப்பு மட்டும் சதையைத் தாண்டி மறுபக்கம் வந்து சேருகிறது. சிவப்புக்கு அடுத்தாற்போல் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு. அதற்கு அகச்சிவப்பு ஒளி என்று பெயர். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டின் நுனியிலிருந்து வருவதும் அந்த ஒளிதான். சிவப்பை ஒட்டியிருக்கும் அகச்சிவப்பு ஒளி சதைக்குள் மட்டுமல்ல, எலும்புக்குள்ளும் கொஞ்சம் புகுந்து வெளியே வந்துவிடும்.

இனி ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு மனத்தில் ஏறவில்லை. அப்பாவை நினைத்துப் பார்த்தபோதுதான் ஏறியது. அப்பா காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து கொட்டகைக்குப் போவார். அங்கே பாலை நிறுத்துக் கொட்டிவிட்டு வெறும் வாளியோடு திரும்புவார். ஹீமோகுளோபினும் அதே மாதிரிச் சுமைகாரன்தான். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொள்ளும். கை, கால், மூளை என்று உடம்பெங்கும் இறக்கிவைக்கும். பிறகு வெறுமையாகத் திரும்பும்.

நிறைந்த வாளியும் வெறும் வாளியும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. பிராணவாயு ஏறிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. இறக்கிவிட்ட ரத்தம் கருஞ்சிவப்பு. பளிச்சென்றிருக்கும் ரத்தம் சிவப்பு ஒளியைத் தாராளமாக வெளியே விடும். அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். கருத்த ரத்தம் அதற்கு நேர்மாறு. ஆகவே இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, மறுபக்கம் எது எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டால், நூறு வாளியில் எத்தனை வாளி நிறைந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ஊசி வேண்டாம், ஒரு சொட்டு ரத்தம் வேண்டாம். பால் நிறுக்கும் கிராணிகூட இத்தனை சுலபமாகக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்.

விரலில் மாட்டும் சிறிய கிளிப் கருவியை இப்போது உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது செய்வது இந்த வேலையைத்தான். அதற்கு வழி கண்டவர் தக்குவோ ஆவொயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். ஆண்டு 1974. அவர் முதலில் செய்ய நினைத்தது வேறோர் அளவீடு. நாடி ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் கருவியின் கோடு ஆடி ஆடி அவருக்குத் தொல்லை கொடுத்தது. தொல்லையைத் துரத்தப் பார்த்தவர், அந்த ஆட்டமே நாளத்தில் புதிதாக வரும் நல்ல ரத்தத்தின் அடையாளம் என்று கண்டுகொண்டார். எலும்பும் தோலும் நகமும் துடிப்பதில்லை. துடிப்பதை மட்டும் பிரித்துக் கணக்கெடுத்தால் போதும் அல்லவா? அந்த மனிதர் 2020 ஏப்ரல் மாதம் தமது 84ஆவது வயதில் காலமானார். உலகம் முழுவதும் அவருடைய கருவியைத் தேடி அலைந்த மாதம் அது.

எண்ணும் ஆளும்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியை யார் மறக்க முடியும்? கோவிட் தொற்று நம் நாட்டை மிகவும் வாட்டிய மாதங்கள் அவை. எங்கள் தோட்டம் விற்கப்பட்டுப் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு, அம்மா ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய தரை வீட்டில் குடியிருந்தார். அவருக்குத் தொற்று கண்டது. எனக்கும் லேசாக இருந்தது. இருவரும் வீட்டிலேயே தனித்திருந்தோம். மருந்துக்கடையிலிருந்து வாங்கிவரச் செய்த கிளிப்பை மணிக்கொரு தரம் அம்மா விரலில் மாட்டி எண்ணைக் குறித்துவைத்தேன். 96, 95, 96, 95. வீட்டிலிருப்பவர்கள் 95க்குக் கீழே இறங்கினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. இறங்கவில்லையே! எனக்கு நிம்மதி.

அம்மா மட்டும் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் இல்ல பாப்பா... அசதிதான்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை, பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சன்னல் வழியே பார்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் அவர். நாங்கள் எல்லாரும் அவர் கையில் வளர்ந்தவர்கள். நான் பெருமையாக எண்ணைச் சொன்னேன்.

"நம்பரு என்ன சொன்னா என்ன தாயி? உங்கம்மா மூக்கப் பாரு. மூக்குச் சிறகு அடிக்குது. நாலு வார்த்த சேந்தாப்ல பேச முடியல. எண்ணப் பாக்காத, ஆளப் பாரு."

அப்போதுதான் பார்த்தேன். மூன்று நாளும் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தவள் நான். பார்த்ததெல்லாம் விரலை மட்டும். உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தோம். மருத்துவமனையில் மணிக்கட்டு நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எங்கள் கிளிப் காட்டியதைவிடப் பிராணவாயு குறைவாகவே இருந்தது. பதினொரு நாள் அம்மா பிராணவாயுக் குழாயோடு கிடந்தார். இறைவன் அருளாலும், அங்கிருந்த தாதியர் கைராசியாலும் வீடு திரும்பினார்.

கருவி ஏன் தவறியது? மலிவான கருவி, குளிர்ந்த விரல் என்று பல காரணங்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் எது காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு காரணம் உண்டு. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் ஒளியை விழுங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தை எடுத்து நேராகச் சோதித்த அளவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையில் 88க்கும் கீழே இருந்த ஆபத்தான நிலை, வெள்ளையர்களிடம் எடுத்த அளவுகளில் நூற்றுக்கு சுமார் 4. கறுப்பின மக்களிடம் சுமார் 12. ஏறக்குறைய மூன்று மடங்கு! அவர்கள் நம்மவர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் மெலனினுக்குச் சாதி, நாடு உண்டா? 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. பலவிதமான தோல் நிறம் கொண்டவர்களிடமும் கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற வரைவுப் பரிந்துரைகளை 2025 ஜனவரியில் வெளியிட்டது.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரலைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, நகச்சாயம் இருந்தால் அழித்துவிட்டு, ஒரே விரலில் தொடர்ந்து அளந்து பாருங்கள். எண் படிப்படியாக இறங்கினால் அதுவே அபாயச் சங்கு. எண் இறங்காவிட்டாலும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுத் தடுமாறினால், எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கருவி ஒரு சாட்சிதான். நம் கண்ணும் ஒரு சாட்சி.

எலும்பைத் தாண்டிய ஒளி

அம்மா தேறிய பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. விரலைத் தாண்டும் ஒளி, தலையைத் தாண்டுமா? நான் கேட்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்பவர் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வீட்டில் சமைக்க வந்த இறைச்சியின் தட்டையான எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். எலும்பினூடே சிவந்த ஒளி கசிவதைக் கண்டார். எலும்பு ஒளிக்கு மூடிய கதவு அல்ல என்று அவருக்குப் பட்டது. மண்டையைத் திறக்காமலே, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு மூளையின் பிராணவாயு நிலையை அறியலாம் என்று 1977இல் எழுதி வெளியிட்டார். எங்கள் லயத்து வீட்டு விளையாட்டும் அதேதான் அல்லவா!

பெரியவர்களின் தலை விரலைப் போல் மெலிந்ததா என்ன? ஒரு பக்கம் விட்ட ஒளி மறுபக்கம் வந்து சேராது. அதற்கும் வழி கண்டார்கள். நெற்றியின் ஓரிடத்தில் ஒளியைப் பாய்ச்சுவார்கள். மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறிய ஒளிக் கண்ணை வைத்துக் காத்திருப்பார்கள். உள்ளே போன ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். அதில் ஒரு சிறு பங்கு, மூளையின் மேற்பரப்பைத் தொட்டு வளைந்து திரும்பி அந்தக் கண்ணில் வந்து விழும். அந்த வழியின் வடிவத்தை விஞ்ஞானிகள் வாழைப்பழம் என்றே சொல்கிறார்கள். வாழைப்பழத்தின் ஒரு முனை விளக்கு, மறுமுனை கண், நடு வயிறு மூளையைத் தொடுகிறது. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகும். ஆனால் நெற்றிக்குப் பின்னால், யோசிப்பதற்கும் நினைவில் நிறுத்திக் கணக்குப் போடுவதற்கும் வேலை செய்யும் பகுதி அந்த ஆழத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நம் உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நம் உடல் செலவிடும் பிராணவாயுவில் நூற்றுக்கு இருபது பங்கு அதற்கு வேண்டும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால், சில வினாடிகளில் அங்கே நிறைவாளிகள் தேவைக்கு அதிகமாகவே வந்து குவியும். அந்தக் குவியலைத்தான் நெற்றி ஒளி கண்டுபிடிக்கிறது. 1993இல் ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தனித்தனியே இதைச் செய்துகாட்டினார்கள். வாளியின் நிறத்தை மட்டுமல்ல, வாளிகள் எத்தனை வேகமாக ஓடுகின்றன என்பதையும் ஒளியாலேயே அளக்கும் முறை 1990களில் வந்தது. ஓடும் ஆற்றின்மேல் நிலா வெளிச்சம் மினுங்குகிறதே, அதுபோல் ஓடும் ரத்தத்தில் பட்ட லேசர் ஒளியும் மினுங்கும். மினுக்கம் வேகமானால் ஓட்டமும் வேகம்.

தொடக்கத்தில் மேசை நிறைய இருந்த கருவிகள் இன்று நெற்றியில் கட்டும் பட்டை அளவுக்குச் சிறுத்துவிட்டன. அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் நெற்றி விளக்குதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் விளக்கு வெளியே மரத்தைப் பார்த்தது. இந்த விளக்கு உள்ளே மனிதனைப் பார்க்கிறது.

நம் பேராவிலே ஓர் ஆய்வு

ஈப்போவிலிருந்து லூமுட் போகும் சாலையில் திரோனோவைத் தாண்டினால் ஸ்ரீ இஸ்கண்டார் வரும். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலமும் குட்டைகளுமாக இருந்த வட்டாரம். அங்கேதான் 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. என் தங்கை மகன் அங்கே பொறியியல் படித்தான். 2022இல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "பெரியம்மா, இதப் படிங்க. உங்க மனக்கணக்குதான்" என்று சொல்லி ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினான். பொருளை அவனே எனக்கு விளக்கியும் சொன்னான்.

ஃபாரெஸ் அல்-ஷார்கி என்பவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு சிறு தொகை இளைஞர்களை உட்காரவைத்து, நெற்றியில் அகச்சிவப்பு ஒளிக் கருவியையும், மூளையின் மின்னலைகளைக் காட்டும் கருவியையும் பொருத்தினார்கள். மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். முதலில் சாவகாசமாகப் போடலாம். பிறகு நேரத்தைக் குறுக்கினார்கள். கடிகாரம் துரத்தியது. 'நீ சரியாகச் செய்யவில்லை' என்ற குறிப்பும் முன்னே வந்து நின்றது.

என்ன நடந்தது தெரியுமா? சாவகாசமாகப் போட்டபோது இருந்ததைவிட, அவசரமும் அவமானமும் சேர்ந்தபோது நெற்றிக்குப் பின்னால் பிராணவாயு ஏறிய ரத்தம் குறைந்து காணப்பட்டது. யோசிக்க வேண்டிய இடத்தில் வாளிகள் குறைந்துவிட்டன!

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "என்ன பெரியம்மா, புரியலையா?" என்று கேட்டான் பையன். புரிந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டம் போய்விட்டாலும் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் பலர் பட்டணத்துக் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் முதல் பாடவேளை மனக்கணக்கு. பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது ஒன்று. என் ஆசிரியர்களிடம் பிள்ளையாக இருந்து கற்றது வேறொன்று. வகுப்பில் செய்தது இரண்டாவதைத்தான். ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவேன். "ஏழெட்டு?" என்பேன். அடிக்கோலால் மேசையில் தட்டத் தொடங்குவேன். டக், டக், டக். ஐந்து தட்டுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் நின்றபடியே இருக்க வேண்டும். நான் பிள்ளைகளை அடித்ததில்லை. அதனால் என்னை நல்ல ஆசிரியை என்றே நினைத்திருந்தேன்.

நான்காம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். சிற்றுண்டிச் சாலையில் நாலு பிள்ளைகளின் காசைச் சேர்த்து வாங்கி, யாருக்கு எவ்வளவு மீதி என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துக் கொடுப்பான். அதே பிள்ளை, என் அடிக்கோல் தட்டத் தொடங்கினால் கல்லாகிவிடுவான். ஒரு தடவை "ரெண்டு மூணு?" என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் வரவில்லை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் அப்பா வந்தார். வேலை உடுப்போடு நின்றுகொண்டே சொன்னார்: "இவனுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுங்க டீச்சர். என்னைய மாதிரிதான். நீங்க ரெண்டு போட்டாலும் பரவால்ல." பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கை மகன் போன பிறகு, ஏதோ தோன்றி வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பையன் அந்த ஆண்டில் பள்ளிக்கு வராத நாட்களை எண்ணினேன். ஒன்பது நாள். அவற்றில் ஏழு செவ்வாய்க்கிழமை. ஏழுக்கும் காரணம் 'வயிற்றுவலி' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். வாராவாரம் எழுதியவளுக்கு அது கண்ணில் படவில்லை. மூன்று நாள் அம்மாவின் விரலைப் பார்த்து மூக்கைப் பார்க்காமல் விட்டவள்தானே நான்! இங்கேயும் பதிலை மட்டும் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

பள்ளி திறந்ததும் அடிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கேள்வியைச் சொன்னதும் யாரும் கை தூக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் மெதுவாகப் பத்து மூச்சு எண்ண வேண்டும். பிறகு சிறு அட்டையில் பதிலை எழுதி என்னைப் பார்த்து மட்டும் காட்ட வேண்டும். தவறாக இருந்தால் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். முதல் இரண்டு வாரம் வகுப்பு சந்தைபோல் இருந்தது. சக ஆசிரியர் ஒருவர், "இப்படிச் செல்லம் கொடுத்தா எப்படிப் படிக்கும்?" என்று கேட்டார். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அந்தப் பையன் கணிதப் புலியாகிவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். பாதி அட்டைகளில் தவறான பதில்தான் இருந்தது. ஆனால் அட்டை வெறுமையாக இருந்ததில்லை. செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி இரண்டு மாதத்தில் நின்றது. ஒருநாள் பத்து மூச்சு முடியும் முன்னே எழுதிவிட்டு, அட்டையைக் குப்புறப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கட்டும் என்று பெரிய மனிதன்போல் உட்கார்ந்திருந்தான். இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன், நாக்கு எழவில்லை. அவன் அப்பாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன்: "உங்க மகனுக்கு மண்டையில எல்லாம் ஏறுதுங்க. நான்தான் வழிய மறிச்சிக்கிட்டு நின்னேன்." அவர் பதில் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

தாய்மார்களே, தந்தைமார்களே

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ இஸ்கண்டார் ஆய்வில் உட்கார்ந்தவர்கள் வளர்ந்தவர்கள், சிறு தொகையினர். பிள்ளைகளை வைத்துச் செய்ததல்ல அது. ஒரே ஆய்வைக் கொண்டு எதையும் முடிவுகட்டக் கூடாது. நெற்றி ஒளியைப் பாய்ச்சி ஒருவர் மனத்தைப் படித்துவிடவும் முடியாது. அது காட்டுவது ரத்தமும் பிராணவாயுவும்தான், நினைப்பை அல்ல. யாராவது அப்படிச் சொல்லிக் கருவி விற்க வந்தால் ஏமாறாதீர்கள். அந்த ஆய்வு எனக்குச் செய்த உதவி வேறு. என்னை என் பதிவேட்டைத் திறந்து பார்க்கவைத்தது.

வேலை முடிந்து களைத்து வீடு வந்து, பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். "இதுகூடத் தெரியலையா? சொல்லு, சொல்லு!" என்று குரல் உயர்கிறது. பிள்ளை உங்களையே பார்த்து விழிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். உதடு உலர்ந்திருக்கிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? விரல் சட்டை நுனியைத் திருகுகிறதா? அதைக் காண உங்களுக்கு அகச்சிவப்பு ஒளி வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மெதுவாச் சொல்லுய்யா" என்று காத்திருந்து பாருங்கள்.

அப்பா மறைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய நெற்றி விளக்கு அம்மா வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போன தீபாவளிக்கு அதற்குப் புது பேட்டரி போட்டோம். என் தங்கையின் பேத்தி அதன் முகத்தைப் பொத்தி, "அம்மாயி, என் கையப் பாருங்க!" என்று கத்தினாள். ஏன் சிவப்பு என்று என்னிடம் கேட்டாள். உட்காரு என்று சொல்லாமல், நானும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா சுமந்த இரண்டு வாளிகளிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் பிள்ளைகள் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிக்கொடுப்பீர்கள்தானே?